அலுமினியக் கடைசலும் வெட்டுநீரும்

மாமல்லபுரம் சென்று மீள்வோர் பலரும் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் அருச்சுனன் தபசையும் வியந்து மீள்வர். அவ்வூர்ப் பாறைகள் சிலவற்றின்மேல் வரிசையாக வெட்டப்பட்டுள்ள சிறு குழிகளை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. அக்குழிகளில் உலர்ந்த மர ஆப்புக்களை இறுக்கி அவற்றின்மேல் நீர் வார்ப்பர் என்றும், நீருண்ட மரம் பருத்துப் பாறையைப் பிளக்கும் என்றும் சொல்லுவதுண்டு. அதே ஊரின் வீதிகளில், இக்காலத்துச் சிற்பக் கூடங்களில் மின்சாரத்தாற் சுழலும் சக்கரம் கல்லை அறுக்கும்போது அதன்மேல் நீர் ஒழுகவிடுவதையும் காணலாம். அந்நீர் சக்கரத்தைக் குளிர்விப்பதோடு, மூச்சிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும் கற்றூளையும் அடக்குகின்றது. வெட்டுந் தொழிலுக்கும் நீருக்கும் உள்ள உறவு பழைமையானதென்பது இதனால் விளங்கும்.

சென்ற கோடை விடுமுறையில் இவற்றைக் கண்டு திரும்பும் வழியில், செங்கற்பட்டையடுத்த ஒரு சிறு பட்டறையில் கடைசல் வேலை செய்யும் என் தாய்மாமனைப் பார்க்கச் சென்றேன். அங்கே லேத்து இயந்திரத்திற் சுழன்றுகொண்டிருந்த அலுமினியத் துண்டின்மேல், பால்போன்று வெளுத்ததொரு திரவம் இடையறாது பாய்ந்துகொண்டிருந்தது. "இஃது எதற்கு?" என்று வினவினேன். அருகில் நின்ற இளைஞர் ஒருவர், "கூலன்ட், சூட்டைத் தணிக்க" என்றார். மாமா சிரித்து, "மாப்பிள்ளை, உன் அம்மா பலாப்பழம் அரியும்போது கத்தியில் எண்ணெய் தடவுகிறாளே, அது கத்தியின் சூட்டைத் தணிக்கவா?" என்று கேட்டார்.

அந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. 'குளிர்விப்பது' என்று பொருள்படும் பெயர் அத்திரவத்தின் தொழிலிற் பாதியையே சொல்லுகின்றது. சொல்லாது விட்ட மறுபாதியை அறியாமையால் வேலையும் கெடுகின்றது, வேலை செய்வோர் கையும் கெடுகின்றது. தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். ஒரு பெயரின் குறைவினால் ஒரு தொழிற்குத் தீங்கு நேருமாயின், அதனை ஆராய்வது சொல்லாராய்ச்சி செய்வோர்க்கும் உரியதே. என் சிற்றறிவிற்கு எட்டியவரை அதனை ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

அலுமினியம் நம் நாட்டில்

ஆதியாகமத்திற் சொல்லப்படும் தூபால் காயீன் வெண்கலமும் இரும்பும் அறிந்த கருமான். அலுமினியம் அவன் அறியாதது. மண்ணில் மிகுதியாகக் கலந்திருப்பினும், இவ்வுலோகம் தனித்துக் காணப்படுவதில்லை. 1825ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஊர்ஸ்டெட் என்பார் இதனை முதன்முதற் பிரித்தெடுத்தார். 1886இல் அமெரிக்க நாட்டு ஹால் என்பாரும் பிரெஞ்சு நாட்டு எரூ என்பாரும் ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் இதனை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் பன்னிரண்டே ஆண்டுகளில், அஃதாவது 1898இல், ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

பாத்திரம் செய்வதற்குத் தகட்டைத் தட்டியும் அழுத்தியும் வளைத்தாற் போதும். எஞ்சின் உறுப்புக்களுக்கு அது போதாது. அவற்றை வார்த்தபின் நூலளவும் பிசகாமல் கடைந்தும் துளைத்தும் மரையிட்டும் முடித்தல் வேண்டும். 1949இல் சென்னைச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி தோன்றியது. பின்னர்த் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுவரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மோட்டார்த் தொழில் பரவியது. மறைமலைநகரில் 1999 முதல் 2022 வரை போர்டு கம்பெனி கார்கள் செய்தது. மகிந்திரா உலக நகரத்திற் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி அலுமினிய வார்ப்பாலை அமைத்தது. பெருந்தொழிற்சாலைகளுக்குச் சிறு உறுப்புக்கள் செய்துதரும் பட்டறைகள் பல ஊர்களிலும் எழுந்தன. தனித்தமிழுக்கு உழைத்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரில் இன்று மிகுதியாகக் கேட்பது கடைசல் இயந்திரத்தின் ஒலியே.

வெட்டுதல் என்பது யாது?

கல்லை உளியால் அடித்தால் அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். உலோகத்தின் இயல்பு அத்தகையதன்று. ஏர்க்கொழு ஈரமண்ணைப் பெயர்த்துப் புரட்டுவதுபோல, வெட்டுமுனை உலோகத்தை முன்னே தள்ள, தள்ளப்பட்ட உலோகம் நெகிழ்ந்து, முனையின் முகத்தின்மேல் வழுக்கிச் சுருளாக வெளிப்படுகின்றது. ஆகவே, வெட்டுமிடத்தில் வெப்பம் இரு வழியாற் பிறக்கின்றது. உலோகம் நெகிழ்வதனாற் பிறப்பது ஒன்று. சுருள் முனையின்மேல் உராய்வதனாற் பிறப்பது மற்றொன்று. இவ்வெப்பத்தின் பெரும்பங்கைச் சுருளே தன்னோடு கொண்டுபோகின்றது. எஞ்சியது முனைக்கும் வேலைப்பொருளுக்கும் பங்காகின்றது.

உருக்கைக் கடையும்போது இவ்வெப்பமே பெரும் பகை. அமெரிக்க நாட்டுப் பொறியறிஞராகிய பிரெடரிக்கு டெய்லர், வெட்டுமிடத்தின்மேல் நீரை மிகுதியாகப் பாய்ச்சினால் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை விரைவைக் கூட்டலாம் என்று 1880களிற் செய்த சோதனைகளாற் காட்டினார். இரும்பு துருப்பிடியாதிருக்க அந்நீரிற் சோடா உப்புச் சேர்த்தனர். 'குளிர்விப்பது' என்னும் பெயர் நிலைபெற்றமைக்கு உருக்கு வேலையே காரணம் என்று கொள்ளலாம்.

மென்மையே இடையூறு

அலுமினியத்தின் செய்தி வேறு. இரும்பு 1538 பாகையில் உருகும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். எடையில் இரும்பின் மூன்றிலொரு பங்கே உள்ளது. வெப்பத்தைக் கடத்துவதிலோ தூய அலுமினியம் இரும்பினும் ஏறத்தாழ மூன்று மடங்கு வல்லது. ஆதலின், வெட்டுமிடத்திற் பிறக்கும் வெப்பம் விரைவிற் பரவிப் போய்விடுகின்றது. மென்மையானதாதலின் வெட்டுவதற்கு வேண்டும் விசையும் குறைவு. அங்ஙனமாயின், இதற்குத் திரவம் எதற்கு என்னும் ஐயம் எழும்.

விடை மாமாவின் பலாப்பழத்தில் உள்ளது. அலுமினியத்தின் மேற்பரப்பை எப்போதும் மிக மெல்லியதோர் ஆக்சைடுப் படலம் போர்த்திருக்கும். வெட்டும்போது அப்படலம் கிழிந்து, காற்றுப் படாத புத்துலோகம் வெளிப்படுகின்றது. அஃது அவ்வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெட்டுமுனையோடு பலாப்பாலைப் போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன்மேல் மேலும் ஒட்டி, கூரிய முனையிருந்த இடத்தில் மழுங்கிய அலுமினியக் கட்டி ஒன்று வளர்ந்துவிடும். பின்பு வெட்டுவது கருவியன்று, அக்கட்டியே. அது நிலையாக நில்லாது அவ்வப்போது உடைந்து பெயர்வதால், வேலைப்பொருளின் முகம் கீறலும் தழும்புமாகக் கெடும். பெயரும்போது கருவியின் விளிம்பையும் சிறிது சிறிதாகப் பிடுங்கிச் செல்லும். துளையிடும்போது சுருள்கள் துளைக்கருவியின் பள்ளங்களில் அடைத்து இறுகிக் கருவியையே முறித்துவிடும். மரை வெட்டுங் கருவி உள்ளே சிக்கி முறிந்ததாயின், அவ்வுறுப்புப் பெரும்பாலும் வீண்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. தூய அலுமினியம் மிக மெல்லியதாதலின், எஞ்சின் வேலைக்குச் சிலிக்கன், செம்பு, மக்னீசியம் முதலியவற்றைக் கலப்பர். பிஸ்டன் செய்யும் கலவையிற் பெரும்பாலும் நூற்றுக்கு 12 பங்கு அளவிற் சிலிக்கன் இருக்கும். மென்சோற்றிடையே கல் கிடப்பதுபோல, மெல்லிய அலுமினியத்தினிடையே கடுஞ்சிலிக்கன் மணிகள் கிடந்து கருவியை அராவித் தேய்க்கின்றன. இக்காரணம் பற்றியே பெருந்தொழிற்சாலைகளில் இத்தகைய கலவைகளை வைரத்துகள் இறுகச் சேர்த்த முனைகளாற் கடைகின்றனர்.

திரவத்தின் நான்கு தொழில்

மேற்கூறியவற்றால், வெட்டுமிடத்திற் பாயும் திரவத்தின் தொழில் நான்கென்று வகுக்கலாம். ஒட்டாமற் காத்தல் முதலாவது. திரவத்திலுள்ள எண்ணெய்ப்பொருள் முனைக்கும் சுருளுக்கும் இடையே புகுந்து படலமாகப் படிந்து, சுருள் வழுக்கிச் செல்லத் துணைசெய்கின்றது. அலுமினியத்தைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. துளையிடுதலிலும் மரைவெட்டுதலிலும் இஃதின்றி வேலை நடவாது.

சுருளை அடித்துக்கொண்டு போதல் இரண்டாவது. வெட்டிய சுருள் அங்கேயே கிடந்தால் கருவி அதனை மீண்டும் மீண்டும் வெட்ட நேர்ந்து முகம் கெடும். ஆழ்ந்த துளைகளுக்குக் கருவியின் உள்ளேயே வழியமைத்து, அதன் நுனியினின்று திரவத்தைப் பீறிடச் செய்து சுருளை வெளியேற்றுவர்.

குளிர்வித்தல் மூன்றாவது. கருவியைக் காப்பதினும் அளவைக் காப்பதே இங்கு முதன்மையானது. வெப்பத்தால் அலுமினியம் உருக்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டன் ஒன்று 20 பாகை சூடேறினால், மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்காக எண்ணுமிடத்து நாலரைப் பங்கு பருக்கும். சூடாயிருக்கையில் அளந்து சரியென்று வைத்த உறுப்பு, ஆறியபின் சிறுத்துத் தவறாகும். பட்டறையில் மாலையிற் சரியாயிருந்த உறுப்பு மறுநாட் காலையில் தள்ளப்படுவதற்கு இஃதொரு காரணம்.

கறைபடாமற் காத்தல் நான்காவது. புதிதாய் வெட்டிய முகம் கறுத்தும் புள்ளிவிழுந்தும் போகாமல், திரவத்திற் சேர்த்த மருந்துகள் காக்கின்றன.

எண்ணெயும் நீரும்

இந்நான்கனையும் ஒரு பொருளே முற்றச் செய்வது அரிது. எண்ணெய் வழுக்குவதில் வல்லது. வெப்பத்தை ஏற்பதிற் குறைந்தது. நீர், எடைக்கு எடை எண்ணெயினும் இரு மடங்கு வெப்பத்தை ஏற்க வல்லது. வழுக்குவதில் மிகக் குறைந்தது. முற்காலத்தார் பன்றிக் கொழுப்பெண்ணெயையும், அலுமினியத்திற்கு மண்ணெண்ணெயையும் பயன்படுத்தினர். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றுவதாதலின் அவ்வழக்கம் அஞ்சத்தக்கது.

இரண்டன் குணமும் ஒருங்கே பெறும்பொருட்டுத் தோன்றியதே நான் கண்ட பால்நிறத் திரவம். எண்ணெயை நீரில் வாளா ஊற்றினாற் பிரிந்து மிதக்கும். சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்டுளிகளாய் நீரெங்கும் பரவி நிற்கும். அத்துளிகள் ஒளியைச் சிதறச் செய்தலால் திரவம் வெளுத்துத் தோன்றுகின்றது. பசுவின் பால் வெளுத்திருப்பதற்கும் அதிலுள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒரு காரணம். அலுமினிய வேலைக்குப் பொதுவாக நூறு பங்கில் 5 முதல் 10 பங்கு இவ்வெண்ணெய் இருத்தல் வேண்டும். கலக்குங்கால் நீரில் எண்ணெயை ஊற்றவேண்டுமேயன்றி, எண்ணெயில் நீரை ஊற்றலாகாது. முறைமாறினால் கலவை திரிந்து கெட்டியாகிவிடும்.

இத்திரவம் சிறிது காரத்தன்மை உடையது. காரம் மிகுந்தாலோ அலுமினியம் அரிக்கப்பட்டுக் கறுக்கும். ஆகையால் இரும்புக்கு இசைந்த திரவமெல்லாம் அலுமினியத்திற்கு இசையும் என்று கொள்ளலாகாது.

கடலோரத்து நீர்

இனி, நம் செங்கற்பட்டுப் பகுதியினர் சிறப்பாக அறியவேண்டியதொன்றுண்டு. திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. அந்நீர் எத்தகையது என்பதைப் பெரும்பாலார் எண்ணுவதில்லை. கடலோரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்புக்கரிக்கும். குடிநீருக்காகவே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு முதற் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை நடைபெறுகின்றது; 2024இல் அதனருகே இரண்டாவதும் திறக்கப்பட்டது.

கடினநீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும், சவர்க்காரம் நுரையாமற் செய்வதுபோலவே, எண்ணெய்த் துளிகளை நீரிற் பிடித்துநிறுத்தும் பொருளையும் கெடுக்கின்றன. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், கசடு படியும். நீரிலுள்ள குளோரைடு உப்போ அலுமினியத்தின் முகத்தில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. தொட்டியினின்று நாள்தோறும் ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடுகின்றது. குறைந்த அளவுக்கு மீண்டும் கிணற்றுநீரையே ஊற்றினால், உப்பளத்தில் நிகழ்வதுபோல உப்பு ஏறிக்கொண்டே போகும். முதல் வாரம் நன்றாயிருந்த திரவம் மூன்றாம் மாதத்தில் ஏன் கெட்டது என்று வியப்போர் இதனை உணர்தல் நலம். தூய்மை செய்த நீரையாயினும், இயலுமேல் சேமித்த மழைநீரையாயினும் பயன்படுத்துவது, முதலிற் செலவாகத் தோன்றினும் முடிவில் ஊதியமேயாம்.

திங்கட்கிழமை நாற்றம்

மாமா முன்பு வேலை செய்த ஓரிடத்தில் நிகழ்ந்ததை இங்குக் கூறுதல் தகும். அங்கே திரவத்தைக் குளிர்விக்கும் பொருளாகவே எண்ணினமையால், தொட்டி குறையுந்தோறும் வெறுங் கிணற்றுநீரையே ஊற்றி வந்தனர். 'சூடு தணிந்தாற் போதுமே. எண்ணெய்க்கு ஏன் வீண் செலவு?' என்பது அவர்கள் எண்ணம். சில வாரங்களில் முனைகளில் அலுமினியம் ஒட்டத் தொடங்கியது. முடித்த உறுப்புக்கள் கறைபட்டுத் தள்ளப்பட்டன. சனிக்கிழமை மாலை இயந்திரங்களை நிறுத்தி, ஞாயிறு ஓய்ந்திருந்து, திங்கட்கிழமை காலையிற் கதவைத் திறந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் பட்டறை முழுதும் வீசிற்று.

இந்நாற்றம் உலகெங்கும் இத்தொழிலாளர் அறிந்ததே. இயந்திரங்களினின்று கசியும் மசகெண்ணெய் தொட்டியின்மேல் ஏடுபோலப் படர்ந்து காற்றைத் தடுக்கின்றது. ஓட்டமின்றி நிற்கும் திரவத்திற் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பல்கி, கந்தகம் கலந்த தீயவாயுவை வெளிவிடுகின்றன. எண்ணெயும் அதனோடு சேர்ந்த மருந்துகளும் உரிய அளவில் இருப்பின் இவ்வுயிர்கள் எளிதிற் பல்கா. வெறுநீரை ஊற்றி மெலியச் செய்த திரவமோ அவற்றிற்கு விருந்து.

நாற்றத்தைப் போக்க அங்குள்ளோர் செய்தது மற்றொரு பிழை. அளவறியாமல் எண்ணெயை இரு மடங்காக ஊற்றினர். நாற்றம் அடங்கிற்று, ஆனால் ஒரு திங்களுக்குள் மாமாவின் விரலிடுக்குகள் சிவந்து, தோலுரிந்து, வெடித்தன. ஆலயத்தில் திருவிருந்து பெறக் கை நீட்டும்போது அவர் உள்ளங்கையை மறைத்ததை நான் என் கண்ணாற் கண்டேன். இரு பிழைகளும் ஒரே வேரினின்று முளைத்தவை. அத்திரவத்தின் முழுத்தொழிலையும் அங்கே ஒருவரும் ஒருவர்க்குச் சொல்லவில்லை.

கையும் ஏரியும்

காரமும் சவர்க்காரப் பொருளும் தோலின் இயற்கை நெய்யைக் கழுவிவிடுகின்றன; திரவத்தில் மிதக்கும் நுண்ணுலோகத் துகள்கள் தோலைக் கீறுகின்றன. விரைந்து சுழலும் கருவியினின்று எழும் பனிபோன்ற துளிகளை நெடுநாள் சுவாசித்தால் மூச்சுநோய் உண்டாகலாம். அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிலையத்தார் 1998இல், ஒரு கன மீட்டர்க் காற்றில் இத்துளிகள் மொத்தம் அரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்துரைத்தனர். முற்காலத்தில் நன்கு சுத்திசெய்யாத கனிம எண்ணெய்களோடு நெடுநாட் புழங்கியவர்கட்குத் தோலிற் புற்றுநோய் வந்தமையும் அறியப்பட்டதே.

காப்புவழிகளோ எளியவை. எண்ணெயின் அளவைக் கண்டறியக் கையடக்கமான ஒளிமுறிவுமானி ஒன்றுண்டு; ஒரு துளியை அதன்மேல் வைத்து ஒளியை நோக்கிப் பார்த்தால் அளவு தெரியும். நாள்தோறும் காலையில் அதனைப் பார்த்து ஏட்டிற் குறித்தல் வேண்டும். குறைந்த அளவுக்கு வெறுநீரை ஊற்றாமல், இளங்கலவையாகச் செய்து ஊற்றுதல் வேண்டும். மேலே படரும் எண்ணெய் ஏட்டை அகற்றுதல் வேண்டும். தொட்டியில் எச்சில், தேயிலைச் சக்கை, உணவு மிச்சம் இவற்றை இடலாகாது. கையை மண்ணெண்ணெயாற் கழுவாமல், மெல்லிய சவர்க்காரத்தாற் கழுவித் துடைத்தல் வேண்டும். நனைந்த துணியை இடுப்பில் தொங்கவிடலாகாது.

பயன்தீர்ந்த திரவத்தைக் கொல்லைப்புறத்திற் கொட்டுவது பெருங்குற்றம். எண்ணெய்க் கழிவுகளை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை உரிமம் பெற்றோரிடமே ஒப்புவித்தல் வேண்டும். மதுராந்தகம் ஏரியும் கொளவாய் ஏரியும் உள்ளிட்ட எண்ணிறந்த ஏரிகளால் வாழ்வது நம் மாவட்டம். கால்வாயிற் கொட்டியது ஏரியையே சேரும். பட்டறை தன் வேலைக்கு எடுத்த நீரை நஞ்சாக்கி ஊருக்குத் திருப்பித் தருதல் எவ்வகையானும் நியாயமாகாது.

இக்காலத்திற் சில வேலைகளுக்குத் திரவத்தை வெள்ளமாகப் பாய்ச்சாமல், மணிக்கு 50 மில்லிலிட்டருக்கும் குறைந்த எண்ணெயைக் காற்றோடு கலந்து முனையின்மேல் ஊதும் முறை வழங்குகின்றது. அலுமினியத்திற்கு வேண்டுவது முதன்மையாக ஒட்டாமைக் காப்பே என்பதற்கு இம்முறையே சான்று. ஆயினும், இது சுருளை அடித்துச் செல்வதிலும் பொருளைக் குளிர்விப்பதிலும் குறைந்ததாதலின், எல்லா வேலைக்கும் பொருந்தாது. கழிவு குறைதலும், சுருள்கள் உலர்ந்தே கிடைத்தலும் இதன் நன்மைகள். உலர்ந்த சுருளை உருக்குவது எளிது. பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கு, மண்ணினின்று புதிதாக எடுப்பதற்கு வேண்டும் ஆற்றலில் நூற்றுக்கு 5 பங்கே போதுமாதலின், கீழே விழும் ஒவ்வொரு சுருளும் செல்வமே.

முடிவுரை

இத்திரவத்திற்கு 'வெட்டுநீர்' என்று பெயரிட்டு இக்கட்டுரைக்குத் தலைப்பாக்கினேன். அப்பெயர் குளிர்வித்தல் என்னும் ஒரு தொழிலோடு நின்றுவிடாமல், வெட்டும் வேலைக்கு அது செய்யும் துணை முழுவதையும் தன்னுள் அடக்குமென்பது என் கருத்து. பட்டறையில் எப்பெயர் வழங்கினும் வழங்குக. அதன் நான்கு தொழிலையும் புதிதாய் வேலைக்கு வரும் இளைஞர்க்கு முதல் நாளிலேயே அவர்தம் தாய்மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும். திரவப் பீப்பாயின்மேல் ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்ட எச்சரிக்கையைப் படித்தறிய இயலாதவர் பலர். நம் கல்லூரியினின்று வெளிச்சென்று தொழிற்சாலைகளில் மேற்பார்வை பூண்டிருக்கும் பழைய மாணவர்கள், அவ்வெச்சரிக்கையைத் தெளிந்த தமிழில் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டினால், அது சிறிய செயலாகத் தோன்றினும் பல கைகளைக் காக்கும்.

மாமா இப்பொழுது வேலை செய்யும் பட்டறையில் அத்தகைய தாள் ஒன்று சுவரில் உள்ளது. அதனை எழுதியவர் அவரே. அவர் கை ஏறத்தாழ ஆறிவிட்டது.